சொகுசுக் கார் வாங்கச் சிறந்தது பழைய மாடலே!

(பட்டினச்சேரி கடற்கரையில் மேடை அமைத்து நடந்த பட்டிமன்றத்தில், 'சொகுசுக் கார் வாங்கச் சிறந்தது பழைய மாடலா? புதிய மாடலா?' என்ற தலைப்பில், பழைய மாடல் அணிக்காகப் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நான் எங்கே தடுக்கி விழுவேன் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிற அருமை நண்பர்களே! மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! படகு ஓரமா நின்னுக்கிட்டே, 'இந்த வாத்தியார் எப்ப முடிப்பார்'னு பார்த்துக்கிட்டு இருக்கிற பெரியவர்களே!

எதிரணித் தலைவர் பேசினார். நன்னூலை எடுத்தார். பழையது கழியும், புதியது நுழையும் என்று பவணந்தி முனிவரே சொல்லிவிட்டார், இதற்கு மேல் என்ன பேச்சு என்று கேட்டார். கைத்தட்டலும் வாங்கினார். ஐயா, பவணந்தியார் சொன்னது சொல் வழக்கைப் பத்தி. இலக்கணம் எழுதின மனுஷனை இழுத்துட்டு வந்து கார் ஷோரூமில் சேல்ஸ்மேன் ஆக்கிட்டீங்களே, நியாயமா? (சிரிப்பு, கைத்தட்டல்)

இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது நடுவர் என்னிடம் கேட்டார், "பேராசிரியரே, உங்களுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?" என்று. உண்மைதான். என்னிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். ஆனால் ஒரு பெரிய கார் ஒரு குடும்பத்துக்குள் நுழையப் பார்த்தபோது நடுவில் நின்றவன் நான். அந்தக் குடும்பம் இதே பட்டினச்சேரிக் குடும்பம். அவங்க இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்காங்க. எங்கே என்று காட்ட மாட்டேன், அக்கா கோவிச்சுக்குவாங்க. (சிரிப்பு) சொன்னாலே தெரிஞ்சிருக்குமே, இது என் கூடப் பிறந்த அக்கா வீட்டுக் கதை.

2019ஆம் வருஷம். அக்கா மகன் பாரிஸிலிருந்து வந்தான். நம்ம காரைக்காலுக்கும் பிரான்சுக்கும் உள்ள உறவை நான் சொல்லவா வேணும்? ஒன்பது வருஷம் அங்கே ஓட்டலில் வெங்காயம் உரிச்சு, பாத்திரம் கழுவி, கொஞ்சம் பணத்தோடு வந்தான். வீடு பாதி கட்டி நிக்குது. தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. வந்தவன் என்ன சொல்றான்? "மாமா, அப்பாவை ஒரு தடவையாவது பெரிய காரில் முன் சீட்டில் உட்கார வச்சு மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். அங்கே பாரிஸில் ஓட்டலுக்கு வர்ற ஆளுங்க இறங்குறதைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டுட்டேன்" என்கிறான்.

இரண்டு காரைப் பார்த்து வைத்திருந்தான். இரண்டும் ஒரே ஜெர்மன் கம்பெனி. ஒன்று 1996 மாடல், கோயம்புத்தூரில் ஒரே கையில் இருந்தது. இன்னொன்று 2008 மாடல், சென்னையில் ஒரு புரோக்கர் கையில். ஒன்றுக்கு நாலரை லட்சம், இன்னொன்றுக்கு அஞ்சு லட்சம். அக்கா எனக்குப் போன் போட்டு அழுதாங்க. "தம்பி, நீ படிச்சவன். வேண்டாம்னு சொல்லு. முடியலைன்னா எது வாங்கினா நாசமாப் போகாதோ அதையாவது சொல்லு."

இதுதான் நடுவர் அவர்களே எனக்கு வந்த வழக்கு. அதற்காகப் படிக்க ஆரம்பித்தவன்தான் நான். சிலப்பதிகாரத்துக்குக்கூட அவ்வளவு உரை படிக்கலை. (சிரிப்பு)

முதலில் இந்தப் பெரிய கார் என்றால் என்ன? ஐரோப்பாவில் கிராண்ட் டூரர் என்று ஒரு சாதி உண்டு. இத்தாலிக்காரன் 'கிரான் டூரிஸ்மோ' என்பான். அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பிரான்ஸ், இத்தாலி என்று ஒரு நீண்ட பயணம் போவார்களாம். அதற்குப் பேர்தான் 'கிராண்ட் டூர்'. பின்னாளில், அலுங்காமல் குலுங்காமல், அதே நேரத்தில் வேகமாகவும் நெடுந்தூரம் கொண்டு போய்ச் சேர்க்கிற காருக்கு அந்தப் பேர் வந்தது. பந்தயக் காருக்கு வேகம் உண்டு, முதுகு போயிடும். சாதாரணக் காருக்கு முதுகு தப்பிக்கும், வேகம் கிடையாது. இது இரண்டையும் தரணும்.

பென்ட்லி கம்பெனியின் கான்டினென்டல் 1952இல் வந்தது. அதே பேரில் கான்டினென்டல் ஜி.டி. என்று 2003இல் வந்தது. 12 சிலிண்டர், 560 குதிரை. அந்த 12 சிலிண்டர் இன்ஜின் 2024ஆம் வருஷத்தோடு நின்று போனது. இப்போது வருகிற ஸ்பீட் மாடலில் 8 சிலிண்டரும் மின்சார மோட்டாரும் சேர்ந்து 782 குதிரை. திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவில் 782 குதிரையை எங்கே ஓட்டுறது? ஒரு மாடு குறுக்கே வந்தால் 782ம் நிக்கணும். (பலத்த சிரிப்பு)

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். 1980களில் நெடும்பயணத்துக்குச் சொகுசுக் கார் என்று நமக்குக் கிடைத்தது கான்டெஸ்ஸா. எதிரணியில் இரண்டாவதாகப் பேசின அம்மா அதைத்தான் ஆயுதமாக எடுத்தார்கள். நான் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன், அந்த அம்மா சொன்னது சரி.

இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் கம்பெனி ஓய்வு கொடுத்த ஒரு மாடலின் அச்சுகளை இந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கிவந்து, 1984இல் கான்டெஸ்ஸா என்று விட்டார்கள். உடம்பு ராஜா மாதிரி. உள்ளே வைத்த இன்ஜின்? அம்பாசடரின் 1,489 சி.சி. இன்ஜின். சுமார் 50 குதிரை. எங்க ஊர்ப் பக்கம் சொல்வாங்க, பெரிய மீசை வச்சவனுக்குக் கீச்சுக் குரல் என்று. அதுதான். ஏ.சி. போட்டால் மேட்டில் திணறும். அப்புறம் 1980களின் கடைசியில் ஜப்பான் இசுசூ கம்பெனியின் 1.8 லிட்டர் இன்ஜினைப் போட்டு, அஞ்சு கியர் கொடுத்து, கான்டெஸ்ஸா கிளாசிக் ஆக்கினார்கள். 88 குதிரை. அன்றைக்குத்தான் அந்த உடம்புக்கு உயிர் வந்தது. ஆகக் கான்டெஸ்ஸாவில் எது சிறந்தது? பிந்திய மாடல். சந்தேகமே இல்லை. (எதிரணியில் கைத்தட்டல்)

தட்டுங்க, தட்டுங்க. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பிந்திய மாடல் நல்ல மாடல் என்று இன்றைக்கு எப்படி அடிச்சுச் சொல்ல முடிகிறது? 2002இல் உற்பத்தியே நின்று, இருபது வருஷத்துக்கு மேல் ஆயிருச்சு. ஓட்டினவன் எல்லாம் ஓட்டிப் பார்த்துச் சொல்லியாச்சு. வந்த அன்றைக்கு யாருக்குத் தெரியும்? அதுதான் என் கட்சி. பழைய மாடலுக்கு ஜாதகம் எழுதி, பலன் பார்த்து, பரிகாரமும் கண்டுபிடிச்சாச்சு. புது மாடலுக்கு இன்னும் குழந்தைக்குப் பேரே வைக்கலை! (கைத்தட்டல்)

புதுசு என்று நம்பி நம்ம தமிழ்நாடே ஏமாந்த கதை ஒன்று உண்டு. இளைஞர்களுக்குத் தெரியாது. ஸ்டாண்டர்டு 2000. சென்னையில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியில், ஹெரால்டு கார் செய்தார்களே, அவர்கள்தான். இங்கிலாந்தில் ரோவர் எஸ்.டி.1 என்று ஒரு அருமையான கார் 1976இல் வந்தது. 1977ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்று பரிசு வாங்கியது. அங்கே அதன் பெரிய மாடலில் மூன்றரை லிட்டர், 8 சிலிண்டர் இன்ஜின். அந்த உடம்பை 1985இல் சென்னைக்குக் கொண்டு வந்தார்கள். ஆளுக்கு ஆள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் அப்போது கல்லூரி மாணவன். திருச்சி ரோட்டில் ஒன்று போனது, நான் பஸ்ஸை விட்டுட்டேன். (சிரிப்பு)

ஆனால் உள்ளே? 1940களின் வான்கார்டு கார் காலத்து இன்ஜின் வம்சம். 1,991 சி.சி. புது மாப்பிள்ளை வேஷம் போட்ட தாத்தா! பெட்ரோல் குடித்தது. விலை வேறு அதிகம். 1988இல் கதை முடிந்தது. அந்தக் காரை வாங்கினவன் கதி? கம்பெனியே இல்லை, ஒரு கண்ணாடி உடைஞ்சா யாரிடம் போவான்? ஆகவே புது மாடல் என்று யாராவது சொன்னால், தோல் புதுசா, உயிர் புதுசா என்று கேளுங்க. வாங்கினால் நாளைக்கு உதிரிபாகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அதற்கு முன்னால் கேளுங்க. கான்டெஸ்ஸாவை இன்றைக்கும் ஓட்ட முடிகிறது என்றால் காரணம் என்ன? அதே இசுசூ இன்ஜின் அம்பாசடரிலும் வந்தது. அம்பாசடர் 2014 வரைக்கும் வந்தது. உறவுக்காரன் இருந்தான், உதவிக்கு வந்தான்.

இப்போது என் மருமகப் பிள்ளை விஷயத்துக்கு நெருங்கின ஜெர்மன் கதைக்கு வர்றேன். அவன் பார்த்தது எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் ஊரறிந்த பென்ஸ் கதையைச் சொல்லலாம், அது உலகமே எழுதி வைத்த கதை.

1994இல் பென்ஸ்காரர்கள் டெல்கோவோடு சேர்ந்து இந்தியாவில் கம்பெனி தொடங்கினார்கள். 1995இல் பூனாவில் முதல் கார் வெளியே வந்தது. டபிள்யூ-124 என்கிற மாடல், இ-கிளாஸ். வேடிக்கை என்னவென்றால், அதே 1995இல் ஐரோப்பாவில் அந்த மாடலுக்கு ஓய்வு கொடுத்து, டபிள்யூ-210 என்று அடுத்ததைக் கொண்டு வந்துவிட்டார்கள். முன்னால் நாலு வட்ட விளக்கு இருக்குமே, அது. நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? 'அங்கே கழிச்சதை இங்கே நம்ம தலையில் கட்டுறான்' என்று பேச்சு. எதிர்பார்த்த அளவு விற்கவும் இல்லை. சில வருஷத்தில் நாலு விளக்குக்காரன் இங்கேயும் வந்தான்.

முப்பது வருஷம் கழிச்சு இன்றைக்குப் பாருங்க. உலகத்தில் பழைய கார் தெரிஞ்ச எவனைக் கேட்டாலும், அந்தக் கழிச்ச மாடலைத்தான் கையெடுத்துக் கும்பிடுறான். பொறியாளர் சொன்னபடி செலவு பண்ணிச் செஞ்ச கடைசிக் காலத்து வண்டி என்கிறான். அடுத்து வந்த நாலு விளக்குக்காரன் எதற்குப் பேர் வாங்கினான் தெரியுமா? துருவுக்கு! கதவு விளிம்பில் துரு, சக்கர வளைவில் துரு, முன் சக்கரத்து ஸ்பிரிங் உட்காருகிற இடத்தில் துரு. ஸ்பிரிங் உட்காருகிற இடம் இற்றுப்போனால் என்ன ஆகும்? பந்தல் காலில் கறையான் புகுந்த மாதிரி. இந்த உப்புக் காத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன கதி என்று பட்டினச்சேரிக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா? (கைத்தட்டல்)

அதற்கும் அடுத்து 2002இல் ஒன்று வந்தது. அதில் பிரேக்கை மின்சாரப் பம்பும் கம்ப்யூட்டரும் சேர்ந்து கவனித்துக்கொள்ளும். காலால் அழுத்துகிறோம், கம்ப்யூட்டர் யோசிச்சுப் பிடிக்கும். பிரேக் விஷயத்தில் யோசனை எதுக்குங்க? (சிரிப்பு) 2004இலும் 2005இலும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்துச் சரி பார்த்தார்கள். 2006இல் பழைய முறைப் பிரேக்குக்கே திரும்பிப் போனார்கள். நான் சொல்லலை, கம்பெனியே பழைய மாடல் அணிக்கு வந்துருச்சு! (பலத்த கைத்தட்டல்)

உடனே எதிரணி நண்பர் துண்டுச் சீட்டு எழுதுகிறார். தெரியும், என்ன கேட்பீர்கள் என்று. அந்தக் கும்பிடுகிற டபிள்யூ-124இலும் குறை இல்லையா? இருக்கு. 1993க்கு அப்புறம் வந்தவற்றில் பலவற்றுக்கு, இன்ஜின் பக்கத்து ஒயர்களின் மேல் உறை சூட்டில் காய்ந்து, பொரிந்து, கொட்டிவிடும். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று தானே மட்கிப் போகிற பிளாஸ்டிக் போட்டார்கள். காருக்குள் இருக்கும்போதே மட்கிப் போச்சு. (சிரிப்பு) ஆனால் நண்பரே, அந்தக் குறை இன்றைக்கு எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். மாற்று ஒயர் கிடைக்கும். வாங்குறதுக்கு முன்னாலேயே பானட்டைத் தூக்கி, ஒயரை லேசா வளைச்சுப் பார்த்தால் போதும். தெரிந்த நோய். தெரிந்த மருந்து.

கிரேக்க நாட்டில் தெசலோனிகி ஊரில் ஒரு டாக்சி ஓட்டுநர். 1976 மாடல் டீசல் பென்ஸ். அவர் 1981இல் வாங்கும்போதே 2,20,000 கிலோமீட்டர் ஓடின பழைய கார். அதில் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். ஆறு தடவை நிலாவுக்குப் போய்த் திரும்புகிற தூரம். இடையில் இன்ஜினை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டியிருக்கிறார், அதையும் சொல்லணும் இல்லையா. 2004இல் கம்பெனியே அந்தக் காரைக் கேட்டு வாங்கித் தன் மியூசியத்தில் வைத்தது. பதிலுக்கு ஒரு புது கார் கொடுத்தது. அவர் வாங்கிக்கொண்டார்! (எதிரணியில் கைத்தட்டல்) ஏன்யா, சும்மா கொடுத்தால் நான்கூட வாங்கிக்குவேன்! (பலத்த சிரிப்பு)

இப்போது காசு. தாய்மார்கள் கொஞ்சம் காது கொடுங்க, ஏனென்றால் வீட்டில் பெட்டிச் சாவி உங்களிடம்தான். சொகுசுக் காரின் விலை வருஷத்துக்கு வருஷம் சரிகிறது. அம்பது லட்சம் கார் பன்னிரண்டு வருஷத்தில் ஆறு லட்சத்துக்கு வருகிறது. 'அடடா, மாருதி விலைக்குப் பெரிய கார்' என்று ஆம்பளைங்க துள்ளுவாங்க. காரின் விலைதான் இறங்கியது. அதன் உதிரிபாகத்தின் விலை இறங்கவே இல்லை. காற்றில் நிற்கிற ஸ்பிரிங், கம்ப்யூட்டர் பெட்டி, கியர் பெட்டி என்று ஒன்று போனாலும் அது இன்னும் அம்பது லட்சம் காரின் உதிரிபாகம்தான். யானையைச் சந்தையில் மலிவாக் கொடுத்தான் என்று ஓட்டிவந்தால், தீனியை எவன் மலிவாத் தருவான்? இந்தத் தீனி விஷயத்தில் 1990களின் கார் பரவாயில்லை. நட்டு, போல்ட், ரப்பர், ஒயர் என்று கையால் தொட்டுச் சரி பண்ணுகிற சரக்கு அதிகம். 2008 மாடலில் கதவைத் திறக்கிறதுக்கே ஒரு கம்ப்யூட்டர், அது பேசுவதைப் புரிந்துகொள்ள இன்னொரு கம்ப்யூட்டர். அந்தப் பெட்டி காரைக்காலில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். 15 வருஷம் தாண்டினால் பதிவைப் புதுப்பிக்கணும், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025இல், 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. பழசு வைத்திருக்கிறவனுக்கு இது தண்டம்தான், ஒத்துக்கிறேன். பிரான்சில் 30 வருஷம் ஆன காருக்குச் சேகரிப்புக் கார் என்று தனிப் பதிவு கொடுத்து மரியாதை பண்ணுறான். நம்ம நாட்டு 2021 விதிப்படி 50 வருஷம் ஆனால்தான் விண்டேஜ். முதல் கான்டெஸ்ஸாவே 2034 வரைக்கும் காத்திருக்கணும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு. 2023க்கு முன்னால் வந்த வண்டிகள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. கார்புரேட்டர் காலத்துக் காரென்றால் பெட்ரோல் குழாய், வாஷர் எல்லாவற்றையும் புது ரப்பராக மாற்றிக்கொள்வது நல்லது.

அப்புறம் நம்ம ஊர்ப் பெருமை ஒன்று. பி.ஒய்.02 என்றால் காரைக்கால் நம்பர். புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்று வெளி மாநிலத்துப் பணக்காரர்கள் இங்கே பொய் விலாசத்தில் சொகுசுக் காரைப் பதிவு பண்ணிக்கொண்டதாக 2017இல் கேரளாவில் பெரிய வழக்கே நடந்தது. இந்தப் பக்கம் வாடகைக்குக் குடியிருக்காத காரெல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளை என்று சொல்லிக்கிட்டுத் திரியுது. (சிரிப்பு) பழைய சொகுசுக் கார் வெளியூரில் நம்ம நம்பரோடு விலைக்கு வந்தால், புத்தகத்தில் உள்ள விலாசத்தில் உண்மையிலேயே ஒரு வீடு இருக்கிறதா என்று பார்த்துட்டு வாங்குங்க. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓடினால் அங்கே பதிவை மாற்றியாகணும்.

சரி, மருமகப் பிள்ளை கதைக்கு வருவோம். நான் இவ்வளவும் படிச்சுட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்போடு கிளம்பினேன். கூட அத்தானும் வந்தார். அத்தான் யார்? கடலுக்குப் போகிறவர். 2004 சுனாமியில் கட்டுமரம், வலை எல்லாம் போனது. அப்புறம் உதவியாகக் கொடுத்த ஃபைபர் படகு வந்தது. அன்றைக்கு இதே கரையில் பட்டிமன்றம் நடந்தது, நடுவர் இல்லாமல். மரமா, ஃபைபரா என்று. அத்தான் அப்போது ஃபைபர் பக்கம். ஆனால் கொடுத்த படகை அப்படியே கடலில் இறக்கவில்லை. கவிழ்த்துப் போட்டு, அடியை விரலால் தட்டித் தட்டிக் கேட்டு, இரண்டு இடத்தில் பொத்தல் சத்தம் கேக்குது என்று திருப்பி அனுப்பிவிட்டு, வேறு வாங்கினார்.

சென்னையில் அந்த 2008 கார். கறுப்புக் கலர். புரோக்கர் மேலே துணியால் துடைச்சுக்கிட்டே பேசுகிறார். மருமகப் பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டான், முகத்தில் பாரிஸ் தெரியுது. நான் நோட்டைத் திறந்து பிரேக், ஏர் ஸ்பிரிங் என்று கேள்வி கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் புரோக்கரிடம் பதில் இருக்கு. அத்தான் எதுவும் பேசலை. வேட்டியை மடிச்சுக் கட்டினார். தரையில் படுத்தார். டார்ச்சை அடித்து அடியைப் பார்த்தார். எழுந்து வந்து முன் சீட்டின் பெல்ட்டை இழுத்தார், கடைசி வரைக்கும் இழுத்தார். பெல்ட்டின் அடி நுனியில் ஒரு கோடு. காய்ந்த சேற்றுக் கோடு. மோந்து பார்த்தார். சீட்டுக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கினார். சீட்டு போல்ட்டு தலை எல்லாம் செம்மண் மாதிரி துரு.

"மாப்ள," என்றார் என்னைப் பார்த்து, "இது தண்ணியில கெடந்த வண்டி."

2015 டிசம்பர் வெள்ளம், நடுவர் அவர்களே! சென்னையில் எத்தனை ஆயிரம் கார் மூழ்கியது! அதில் ஒன்றைக் கழுவி, மெருகேற்றி நிறுத்தியிருக்கிறார்கள். 1996 காரும் தண்ணியில் மூழ்கினால் கெடும்தான். ஆனால் அதைக் காய வைத்து, பிரிச்சுப் போட்டு மீட்கலாம். தரைக்கம்பளத்துக்கு அடியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற காரில் ஈரம் புகுந்தால், இன்றைக்கு ஹாரன் அடிக்காது, நாளைக்கு ஜன்னல் இறங்காது, நாளன்னைக்கு நடுரோட்டில் நின்று போகும். எது எப்போது என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

அத்தான் பண்ணினதை நீங்களும் பண்ணலாம், வண்டி பழசோ புதுசோ. பெல்ட்டை முழுசா இழுங்க. ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தில் கையை விடுங்க. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டை இருக்கும், அது அடைத்திருந்தால் கதவு உள்ளேயே நீர் தேங்கித் துருப்பிடிக்கும். துணி சுற்றின காந்தத்தை உடம்பெல்லாம் நகர்த்துங்க. ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, டிங்கரிங் கடையில் பட்டி பார்த்திருக்கான் என்று அர்த்தம். நாம் பட்டிமன்றத்தில் பட்டி பார்க்கிறோம், அவன் கதவில் பார்க்கிறான்! (சிரிப்பு) சில புது மாடலில் பானட்டே அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டாது, அதற்குப் பயந்துடாதீங்க.

அன்றைக்கு ராத்திரியே கோயம்புத்தூர் பஸ் ஏறினோம். 1996 கார். பெயின்ட் மங்கல். முன் சீட்டில் ஒரு கிழிசல். ஆனால் கடல் காற்றே படாத ஊரில் வளர்ந்த பிள்ளை. அத்தான் படுத்தார். இருபது நிமிஷம் வெளியே வரலை. எனக்கே பயமாப் போச்சு, தூங்கிட்டாரோ என்று. (சிரிப்பு) திருப்புளியின் பிடியால் டங், டங் என்று தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "ஒரே சத்தம் மாப்ள. முன்னாலயும் பின்னாலயும் ஒரே சத்தம்" என்றார்.

உள்ளூர் மெக்கானிக் ஒருவரை வைத்து ஒயரை வளைத்துப் பார்த்தோம். பொரிந்திருந்தது. நான் நோட்டைக் காட்டி, இது தெரிந்த நோய் என்றேன். அந்த வகையில் நாற்பதாயிரம் குறைத்தார்கள். எதிரணி நண்பர் கேட்பார், வாங்கினப்புறம் செலவே இல்லையா என்று. இருந்தது. ஒயர், ரப்பர், டயர், பெட்ரோல் குழாய் என்று அந்த நாற்பதாயிரத்துக்கு மேல் இன்னும் அறுபதாயிரம் போனது. தடையில்லாச் சான்று வாங்கி, நம்பரை பி.ஒய்.02க்கு மாற்ற இரண்டு மாதம் அலைந்தான். அக்கா இரண்டு மாதமும் என்னோடு பேசலை. மிச்சம் இருந்த பணத்தில் வீட்டின் கூரையைப் போட்டான். தங்கச்சி கல்யாணம் அடுத்த தை மாதம் நடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் போனது.

மெட்ராஸ் பயணமும் நடந்தது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர், கிழக்குக் கடற்கரைச் சாலை. அத்தான் முன் சீட்டில். பாண்டி தாண்டினதும் தூங்கிட்டார். பையனுக்குக் கோவம், "இதுக்கா மாமா ஒன்பது வருஷம் வெங்காயம் உரிச்சேன்" என்று. நான் சொன்னேன், "டேய், அவர் வாழ்நாளில் வண்டியில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கிராண்ட் டூரர் என்றால் இதுதான்டா." (கைத்தட்டல்)

மணி அடிச்சுட்டார் நடுவர். ஒரே ஒரு விஷயம், உட்கார்ந்திடறேன். அந்தக் காரைக் கடற்கரை வீட்டில் நிறுத்த அத்தான் விடலை. கரையிலிருந்து உள்ளே தள்ளி, பட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை போவார். கடலுக்குப் போய் வந்ததும் படகு இன்ஜினுக்கு நல்ல தண்ணி விட்டுக் கழுவுவாரே, அதே மாதிரி குழாயை வைத்துக் காரின் அடியை மட்டும் கழுவுவார். மேலே துடைக்க மாட்டார். "அது பையன் வேலை" என்பார். (கைத்தட்டல்)